குணம் பார்த்து இடம் ஒதுக்கும் கதை: பிளேட்டோ முதல் ஆளுமைத் தேர்வு வரை

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தில் ஊழியர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். பணியிடத்தில் எப்படிப் பேசுவது, எப்படிக் கேட்பது என்பதுதான் பாடம். வந்திருந்த பயிற்சியாளர் ஆளுக்கொரு கேள்வித்தாளைக் கொடுத்தார். ஒரு விசேஷத்துக்குப் போனால் நீங்களாகப் போய்ப் பேசுவீர்களா, மற்றவர் வந்து பேசட்டும் என்று இருப்பீர்களா? முடிவெடுக்கும்போது மனசு சொல்வதைக் கேட்பீர்களா, கணக்குப் போட்டுப் பார்ப்பீர்களா? இப்படிப் பல கேள்விகள். மதியச் சாப்பாட்டுக்குள் எங்கள் எல்லோருக்கும் நான்கு எழுத்தில் ஒரு வகை கிடைத்துவிட்டது.

என்னோடு வேலை பார்த்த ஒரு தங்கைக்கு 'இன்ட்ரோவர்ட்' என்று வந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டங்களில் அவள் அதிகம் பேசமாட்டாள், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்றார்கள். இரண்டு மாதம் கழித்து ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு காலியானது. நான்கு வருடம் களத்தில் இருந்தவள் அவள்தான். ஆனால் கொடுக்கவில்லை. "நல்ல பொண்ணு, உழைப்பாளி. கம்யூனிகேஷன் பத்தாது. அவங்க டைப் அப்படி" என்றார்கள்.

அந்த 'டைப்' காலனிக்குள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பட்டா மனுவோடு முப்பது பெண்களைத் தாசில்தார் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், உள்ளே விடாதபோது வாசலிலேயே உட்காரவைத்துப் பேசியவள். ரேஷன் கடையில் எடை குறைந்தால் விடமாட்டாள். அதனால் ஒருநாள் அவளிடம் நேராகவே கேட்டேன். அவள் சொன்னாள்: "அக்கா, சேர்ந்த புதுசுல நானும் பேசினேன். ஒருநாள் ரிவ்யூ மீட்டிங்ல நான் சொல்லிக்கிட்டு இருக்கும்போதே ஒருத்தர் என்னை மாதிரியே இழுத்துப் பேசிக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சாங்க. பெரியவரு மட்டும் சிரிக்காம, 'ஆபீஸ் தமிழ்ல பேசுங்கம்மா'ன்னாரு. அப்புறம் கேட்டா மட்டும் பதில் சொல்றதுன்னு வச்சிக்கிட்டேன்."

ஒரு கூட்டத்தில் நடந்த அவமானம் கேள்வித்தாளுக்குள் போய், அவளுடைய பிறவிக் குணமாக வெளியே வந்துவிட்டது. இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, அந்தக் கேள்வித்தாள் வந்த வழியைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். கல்லூரி முடித்து முதல்முறையாகக் குழு விவாதத்துக்கும் நேர்காணலுக்கும் போகவிருக்கிற தம்பி தங்கைகளுக்காகவே இதை எழுதுகிறேன்.

கேள்வித்தாள் பிறந்த இடம்

இன்று அலுவலகங்களில் அதிகம் புழங்கும் ஆளுமைத் தேர்வு மையர்ஸ்–பிரிக்ஸ் என்பது. அதன் வேர் சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட 'உளவியல் வகைகள்' என்ற நூலில் இருக்கிறது. மனம் வெளியுலகை நோக்கிப் போகிறவர், உள்நோக்கித் திரும்புகிறவர் என்ற பிரிவைப் பரவலாக்கியவர் அவர். முழுக்க முழுக்க ஒரே வகையில் அடங்கும் மனிதர் எவரும் கிடையாது என்றும் அவரே சொன்னார். பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டார்கள்.

யுங்கின் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது அமெரிக்காவில் அதை ஆவலோடு படித்தவர் கேதரின் பிரிக்ஸ். அவருடைய மகள் இசபெல் மையர்ஸ். இருவரும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். இரண்டாம் உலகப்போரின்போது ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் பெருமளவில் ஆலைகளுக்கு வந்தார்கள். யாருக்கு எந்த வேலை பொருந்தும் என்று கண்டுபிடிக்க ஒரு கருவி வேண்டும் என்று இசபெல் நினைத்தார். பிலடெல்பியாவில் ஒரு வங்கியின் பணியாளர் பிரிவில் இருந்த எட்வர்ட் ஹேயிடம் தேர்வு தயாரிக்கும் தொழிலைக் கற்றுக்கொண்டார். முதல் கேள்வித்தாள் 1943இல் பதிவானது. மனிதர்கள் எல்லோரும் பதினாறு வகைக்குள் அடங்கினார்கள்.

இசபெல் அதற்கு முன்பு நாவல் எழுதியவர். 1934இல் வந்த அவருடைய 'கிவ் மீ டெத்' என்ற நாவலில், தங்கள் உடம்பில் கறுப்பின ரத்தம் இருப்பதாக நம்பும் ஒரு வெள்ளைக் குடும்பத்தினர் அந்த 'அவமானம்' தாங்காமல் உயிரை விடுகிறார்கள். அவருடைய தேர்வைத் தள்ளிவிட இது ஒன்றே போதும் என்று நான் சொல்லவரவில்லை. ரத்தத்தில் குணம் ஓடுகிறது என்ற நம்பிக்கை எவ்வளவு சாதாரணமாக இருந்த காலத்தில், எந்த வீட்டில் இந்தக் கருவி உருவானது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இதே காலத்தில் வேறு தேர்வுகளும் ஆலைகளில் புழங்கின. 1930களில் வந்த ஹம்–வாட்ஸ்வொர்த் குணநலத் தேர்வு அவற்றில் ஒன்று. அந்த ஆண்டுகள் அமெரிக்காவில் தொழிற்சங்கங்கள் வேகமாக வளர்ந்த காலம். சங்கம் சேர்க்கக்கூடியவர், கலகம் செய்யக்கூடியவர் என்று தோன்றியவர்களை வேலைக்கு எடுக்காமல் வடிகட்ட இத்தகைய தேர்வுகளை முதலாளிகள் பயன்படுத்தினார்கள். கூலி குறைவு என்று கேட்பவன் 'ஒத்துப்போகாத மனநிலை' கொண்டவன் ஆனான். அவனுடைய கோரிக்கைக்குப் பதில் சொல்லும் வேலையே இல்லாமல் போனது. வில்லியம் வைட் 1956இல் எழுதிய 'ஆர்கனைசேஷன் மேன்' நூலில், இந்தத் தேர்வுகளை எப்படி ஏமாற்றுவது என்று சொல்லித்தரப் பின்னிணைப்பே சேர்த்தார். நிறுவனம் விரும்பும் ஆளாக உங்களைக் காட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம்.

உளவியல் ஆய்வாளர்கள் இந்த வகைகளை ஏற்காததற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. உயரத்தைப் போலத்தான் குணமும். பெரும்பாலானவர்கள் நடுவில் இருப்பார்கள். நடுவில் ஒரு கோடு கிழித்து இந்தப் பக்கம் நெட்டை, அந்தப் பக்கம் குட்டை என்று பிரித்தால், கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு அங்குல வித்தியாசத்தில் நிற்பவர்கள் எதிரெதிர் வகை ஆகிவிடுவார்கள். அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது. இந்தத் தேர்வை வெளியிடும் நிறுவனமே ஆளெடுப்பதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது. எங்கள் நிறுவனத்தில் அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

பழைய சரக்கு

மனிதர்களை நாலைந்து பெட்டிக்குள் போட்டு, பெட்டிக்கு ஏற்ற வேலை கொடுப்பது இருபதாம் நூற்றாண்டுக் கண்டுபிடிப்பு அல்ல. கிரேக்கத்தில் பிளேட்டோ தன் 'குடியரசு' நூலில் மக்களை மூன்றாகப் பிரித்தார். அறிவு மேலோங்கியவர் ஆளவேண்டும், வீரம் மேலோங்கியவர் காக்கவேண்டும், ஆசை மேலோங்கியவர் உழைக்கவேண்டும். கடவுள் சிலரைத் தங்கத்தோடும் சிலரை வெள்ளியோடும் சிலரை இரும்போடும் கலந்து படைத்தார் என்று ஒரு பொய்க்கதையை மக்களுக்குச் சொல்லி நம்பவைக்கலாம் என்றும் எழுதினார். டேவிட் கீர்சி என்ற அமெரிக்க உளவியலாளர் பதினாறு வகைகளை நான்கு குணங்களாகச் சுருக்கியபோது, பிளேட்டோவைச் சுட்டிக்காட்டியே 'காவலர்', 'கைவினையர்' போன்ற பெயர்களை வைத்தார். கதை எங்கிருந்து வருகிறது என்பதை அவர் மறைக்கவில்லை.

நமக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. குணத்தையும் செயலையும் வைத்தே நான்கு வருணங்கள் படைக்கப்பட்டன என்று கீதை சொல்கிறது. சாதியைக் காப்பாற்ற நினைப்பவர்கள் இன்றுவரை இதைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். "வருணம் பிறப்பால் இல்லை, குணத்தால்தான்" என்று உங்களிடமும் யாராவது வாதாடியிருப்பார்கள்.

இதற்கு அண்ணல் அம்பேத்கர் 1936லேயே பதில் எழுதிவிட்டார். லாகூரில் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அழைத்து, பிறகு அவருடைய உரையைப் பார்த்துப் பயந்து ரத்துசெய்த மாநாட்டுக்காக எழுதப்பட்டு, அவரே நூலாக அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' அது. அதில் ஆரிய சமாஜத்தினரின் குண அடிப்படையிலான நால்வருணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு செங்கலாக உருவுகிறார். குணம்தான் அடிப்படை என்றால், பிறப்பின் நாற்றம் அடிக்கும் பிராமணர், சூத்திரர் என்ற பெயர்கள் எதற்கு என்று கேட்கிறார். அடுத்து பிளேட்டோவிடம் போகிறார். மனிதர்களைத் தெளிவாக வெட்டிய சில வகுப்புகளாகப் பிரித்துவிட முடியும் என்று நம்பியதுதான் பிளேட்டோவின் பிழை, நால்வருணத்தின் பிழையும் அதுவே என்கிறார். ஒவ்வொரு மனிதரிடமும் இருக்கும் இயல்புகளின் கலவை தனித்தன்மை கொண்டது, அது எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காது என்பது அவருடைய வாதம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருடைய ஆசிரியராக இருந்த ஜான் டூயியும் 1916இல் தன் கல்வி நூலில் பிளேட்டோ மீது இதே விமர்சனத்தை வைத்திருந்தார். மாணவர் அந்த ஆயுதத்தைக் கொண்டுவந்து சாதியின் மீது வீசினார்.

அதே நூலில்தான், சாதி வேலையைப் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களைப் பிரிக்கிறது என்ற புகழ்பெற்ற வாதமும் வருகிறது. ஒருவர் தன் திறனை வளர்த்துக்கொண்டு தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கும் நிலை வேண்டும் என்றார் அண்ணல். முன்கூட்டியே இடம் ஒதுக்குவது அதற்கு நேர் எதிரானது. 1943இல் பதிவான கேள்வித்தாளுக்கு 1936லேயே பதில் இருந்தது என்பதை எந்த மேலாண்மைப் பாடமும் சொல்லித்தருவதில்லை.

தேவைக்கு ஏற்ப மாறும் குணம்

குணம் என்று சொல்லப்படுவது யாருடைய தேவைக்கு ஏற்ப மாறுகிறது என்பதற்கு அண்ணலின் குடும்ப வரலாறே சாட்சி. பிரிட்டிஷாரின் பம்பாய் ராணுவத்தில் மகார்கள் பல தலைமுறை வேலை பார்த்தார்கள். 1818இல் கோரேகானில் போரிட்டார்கள். அண்ணலின் தந்தை ராம்ஜி ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். அண்ணல் 1891இல் பிறந்ததே மோவ் என்ற ராணுவக் குடியிருப்பில்.

அந்தக் காலத்தில் 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற கொள்கை ராணுவத்தில் ஓங்கியது. அதன் பெரிய ஆதரவாளர் ராபர்ட்ஸ் பிரபு. முதலில் சென்னை ராணுவத்துக்கும், பிறகு 1885 முதல் 1893 வரை இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்தவர். சில சமூகத்தாருக்கு வீரம் பிறவியிலேயே இருக்கிறது, சிலருக்கு இல்லை என்றார்கள். தென்னிந்தியப் படைகள் குறைக்கப்பட்டன. 1890களின் தொடக்கத்தில் மகார்களைச் சேர்ப்பது நிறுத்தப்பட்டது. கல்வியும் ஓய்வூதியமும் தந்த ஒரே கதவு மூடியது.

முதல் உலகப்போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் ஒரு மகார் படைப்பிரிவு எழுப்பப்பட்டது. போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர் வந்தது. 1941இல் மகார் ரெஜிமென்ட் உருவானது, இன்றும் இருக்கிறது. போர் வந்தால் வீரம் வருகிறது, போர் முடிந்தால் போய்விடுகிறது என்று எந்த இனத்தின் குணமும் மாறாது. மாறியது ஆளெடுப்பவரின் தேவை. 'குணம்' என்பது அந்தத் தேவைக்கு வைத்த பெயர்.

நரியும் கொக்கும்

தேர்வு என்ற பெயரில் நடக்கும் ஒதுக்கலைச் சட்டத்தின் முன் நிறுத்தியவர்கள் அமெரிக்கக் கறுப்பினத் தொழிலாளர்கள். வட கரோலினாவில் டியூக் பவர் என்ற நிறுவனத்தின் டான் ரிவர் மின்நிலையத்தில் 95 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் 14 பேர் கறுப்பினத்தவர். ஐந்து பிரிவுகளில் கூலிவேலைப் பிரிவில் மட்டும்தான் அவர்களுக்கு இடம். அந்தப் பிரிவின் மிக அதிகச் சம்பளம் மற்ற பிரிவுகளின் மிகக் குறைந்த சம்பளத்தை விடவும் குறைவு. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1965 ஜூலை 2ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் நிறுவனம் புதிய விதி கொண்டுவந்தது: நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர இரண்டு தேர்வுகளில் தேறவேண்டும்.

அவை ஆளுமைத் தேர்வுகள் அல்ல. ஒன்று பொது அறிவுத்திறன் தேர்வு, மற்றொன்று இயந்திர அறிவுத் தேர்வு. ஆனால் வேலை ஒன்றுதான். அந்தத் தேர்வுகள் இல்லாமல், பள்ளிப்படிப்பும் முடிக்காமல் முன்பே சேர்ந்த வெள்ளையர்கள் அதே வேலைகளை நன்றாகவே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினான்கு பேரில் 13 பேர் வழக்குப் போட்டார்கள். வில்லி கிரிக்ஸ் என்பவரின் பெயரால் அறியப்படும் அந்த வழக்கில் 1971 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நிறுவனத்தின் எண்ணம் நல்லதா கெட்டதா என்பது மட்டும் போதாது. ஒரு தேர்வு ஒரு சமூகத்தாரை வெளியே தள்ளுமானால், அது அந்த வேலைக்கு உண்மையிலேயே தேவையானது என்று நிறுவனம் காட்டவேண்டும் என்றது. நரி தட்டையான தட்டில் ஊற்றி வைத்து கொக்கை விருந்துக்குக் கூப்பிட்ட கதையை நாம் சின்ன வயதில் கேட்டிருக்கிறோம். நீதிபதிகளும் அந்தக் கதையைத்தான் நினைவூட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே தட்டு வைப்பது சமத்துவம் ஆகிவிடாது.

பரோடாவில் ஒரு அதிகாரி

கடைசியாக ஒரு காட்சி. 1917. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு வந்த அண்ணல் பரோடா சமஸ்தானத்தில் அதிகாரியாகச் சேர்ந்தார். அலுவலக உதவியாளர்கள் கோப்புகளைக் கையில் தராமல் தூரத்திலிருந்தே மேசையில் வீசினார்கள். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்கியிருந்த பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள்.

அந்த அலுவலகத்தில் அவருக்கு அந்தக் கேள்வித்தாளைக் கொடுத்திருந்தால் என்ன வந்திருக்கும்? சக ஊழியர்களோடு கலந்து பேசுவீர்களா என்ற கேள்விக்கு அவர் என்ன பதில் எழுதியிருப்பார்? 'ஒதுங்கியிருப்பவர், குழுவோடு சேராதவர்' என்று ஒரு அறிக்கை வந்திருக்கும். பத்து ஆண்டுகளில் அதே மனிதர் மகாடில் ஆயிரக்கணக்கானவர்களைக் கூட்டிக் குளத்துக்கு நடத்திச் சென்றார். பிறகு லண்டன் வட்டமேசை மாநாடுகளில் பேசினார். அரசியல் நிர்ணய சபையில் ஒவ்வொரு பிரிவுக்கும் எழுந்து பதில் சொன்னார். பரோடாவில் இருந்தவரும் மகாடில் இருந்தவரும் ஒரே ஆள்தான். அறைதான் வேறு.

மனிதர்களுக்குள் இயல்பு வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. யோசித்துப் பேசுகிறவர்கள் உண்டு, பேசிக்கொண்டே யோசிக்கிறவர்கள் உண்டு. சத்தமாகப் பேசுகிறவர்களே கூட்டத்தை எடுத்துக்கொண்டால் மற்றவர்களின் யோசனை வெளியே வராது என்பதை இந்தப் பயிற்சிகள் சொல்வது சரிதான். ஆனால் ஒருவர் பேசாமல் இருப்பதைப் பார்த்ததும் முதலில் கேட்கவேண்டிய கேள்வி "இவர் என்ன வகை?" என்பது இல்லை. "இவர் எங்கே பேசுகிறார், எங்கே பேசுவதில்லை? அங்கும் இங்கும் என்ன வித்தியாசம்?" என்பதுதான்.

நீங்கள் வேலைக்குப் போகும் இடத்தில் இப்படி ஒரு தேர்வு வைத்தால் பதறவேண்டாம். இது எதற்குப் பயன்படும், முடிவு யார் கைக்குப் போகும், பதவி உயர்வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று கேளுங்கள். முடிந்தால் பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்களுடைய மதிப்பீட்டில் 'கம்யூனிகேஷன் குறைவு' என்று எழுதினால், எந்த நாளில், எந்த வேலையில் என்று கேளுங்கள். தனியார் வேலைகளில் இட ஒதுக்கீடு இல்லாத நாட்டில் நம்மை வெளியே தள்ள இதுபோன்ற மென்மையான சொற்களே போதும்.

நம்முடைய இயக்கக் கூட்டங்களுக்கும் இது பொருந்தும், தோழர்களே. அங்கேயும் நாலு பேர் மட்டுமே பேசுகிறோம், பெண் தோழர்கள் குறிப்பெடுக்கிறார்கள். பேசவேண்டிய பொருளை முதல்நாளே அனுப்புங்கள். ஒரு சுற்று எல்லோரும் பேசிய பிறகு விவாதத்தைத் தொடங்குங்கள். குறிப்பெடுக்கும் வேலையையும் டீ வாங்கும் வேலையையும் முறைவைத்துச் செய்யுங்கள். யாருடைய பேச்சுவழக்கையும் கேலி செய்ய விடாதீர்கள்.

அந்தத் தங்கை இப்போது அந்த நிறுவனத்தில் இல்லை. எழுத்துத் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போய்விட்டாள். போனவாரம் போனில் பேசினோம். நான் 'உம்' கொட்டத்தான் நேரம் கிடைத்தது.

ஜெய்பீம்.